இரவல் வாங்காத குரல்: பாடும் நடிகர் சந்திரபாபுவின் வாழ்க்கை

மறைந்த சான்றோரின் வாழ்க்கையை ஆண்டு மலர்களில் எழுதி வாலிபர்க்கு வழிகாட்டுவது எம்மவரிடையே நெடுநாள் வழக்கம். ஆறுமுக நாவலரைப் பற்றியும், எமது காரைதீவு தந்த விபுலாநந்த அடிகளைப் பற்றியும் எத்தனை முறை எழுதினாலும் தகும். அப்படியிருக்க, ஒரு சினிமா நடிகரின் சரிதையை, அதிலும் கோமாளி வேடம் புனைந்த ஒருவரின் சரிதையை, இங்கே எடுத்துக்கொள்வதேன் எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடையாகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஜே. பி. சந்திரபாபு என்னும் பெயரைக் கேட்டதும் மூத்தோர் முகத்திலே ஒரு புன்முறுவல் தோன்றும். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் கலியாண வீட்டுப் பந்தலிலும், பஸ் வண்டியிலும், கைபேசியிலும் அவர் பாடல் இன்றும் கேட்கின்றது. பாடுபவர் யாரென்று அறியாத சிறுவனும் அதைக் கேட்டால் நின்று சிரிக்கின்றான். ஆனால் அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர்மீது ஒரு குற்றச்சாட்டு இருந்தது. அவர் பாட்டு மேனாட்டாரிடம் இரவல் வாங்கியது. அவர் ஆட்டம் மேனாட்டார் ஆட்டம். அதிலே தமிழ் இல்லை என்பதே அது. உண்மை அதற்கு மாறானது. அவர் காலத்துத் தமிழ்ப் படவுலகில் பெரும்பாலான நடிகர் இரவற் குரலில் வாயசைத்தபோது, தம் சொந்தக் குரலிலேயே பாடி நடித்த ஒரு சிலருள் அவர் தலையானவர். அவரது ஏற்றத்திற்கும் வீழ்ச்சிக்கும் இந்த ஓர் இயல்பே காரணமாயிற்று என்பதை அவர் வாழ்க்கையை நோக்குவார் அறிவர்.

பிறப்பும் குடும்பமும்

சந்திரபாபு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தூத்துக்குடியிற் பிறந்தார். பெற்றோர் பரதவ குலத்துக் கத்தோலிக்கர். அந்நகரின் புகழ்பெற்ற பனிமய மாதா ஆலயத்தின் பெயரையொட்டிப் பனிமயதாஸ் என்பது பிள்ளையின் பெயரிற் சேர்ந்தது. வீட்டார் பாபு என்று அழைத்தனர்.

தந்தையார் ரொட்ரிகஸ் தேசாபிமானி. இந்திய விடுதலைக்காகச் சுதந்திர வீரன் என்னும் பத்திரிகையை நடத்தினார். பிரித்தானிய அரசு அப்பத்திரிகையைப் பறிமுதல் செய்தது. சத்தியாக்கிரகத்திற் கலந்துகொண்டமைக்காக அவர் சிறை சென்றார். விடுதலையான பின்பு அவர் குடும்பத்தோடு இலங்கைக்கு அனுப்பப்பட்டார். தூத்துக்குடியும் கொழும்பும் ஒரே கடலின் இரு கரைகள். தோணியும் கப்பலும் நாளும் போய்வந்த வழி அது. ஆயினும் தாமாக விரும்பி வருவது வேறு, ஊரை விட்டு அனுப்பப்படுவது வேறு. தந்தை கொண்ட கொள்கைக்காகப் பிள்ளைகள் அந்நிய மண்ணில் வளர வேண்டியதாயிற்று. எமது வாலிபர் இதனை எளிதில் உணர்வர். பிறந்த ஊரைவிட்டுப் பெயர்ந்து வேறோர் ஊரிற் பாடசாலைக்குப் போன பிள்ளைகள் எம்மிடையேயும் பலர்.

கொழும்பு வளர்த்த பிள்ளை

கொழும்பிலே கிராண்ட்பாஸ் பகுதியிலுள்ள கத்தோலிக்கக் கல்லூரியாகிய புனித சூசையப்பர் கல்லூரியில் அவர் படித்தார். அக்காலக் கொழும்பு பல சாதியாரும் பல மொழியாரும் நெருங்கி வாழ்ந்த துறைமுகப் பட்டினம். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள், மலாய்க்காரர், பறங்கியர் யாவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தனர். தேவாலயத்தில் ஓர் இசை, கலியாண வீட்டில் ஓர் இசை, கிராமபோன் தட்டில் மற்றோர் இசை. மேனாட்டு நடனமும் பாட்டும் அங்கே புதுமையல்ல. போர்த்துக்கீசர் காலத்திலிருந்து வந்த பைலாவும் கபிறிஞ்ஞாவும் பறங்கியர் வீடுகளில் ஒலித்தன. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில் வயலின் இசைக்குக் கபிறிஞ்ஞா ஆடுவதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இத்தகைய சூழலிலேயே பாபுவின் பிள்ளைப் பிராயம் கழிந்தது. பிற்காலத்தில் அவர் பாட்டிலும் ஆட்டத்திலும் தோன்றிய மேனாட்டுச் சாயலுக்கு இக்கொழும்பு வாழ்வே வித்து.

அவர் குரலின் தனிச் சிறப்பாகிய யோடலிங் என்பதைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. மனிதனுக்கு மார்பிலிருந்து எழும் கனத்த குரலும் உண்டு; தலையில் ஒலிப்பது போன்ற மெல்லிய உச்சக் குரலும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது குரல் முறிவது போலத் தோன்றும். எமது பண்ணிசையிலும் கருநாடக இசையிலும் அம்முறிவு தெரியாமல் மறைப்பதே பயிற்சி. யோடலிங்கிலோ அம்முறிவையே அழகாகக் காட்டுவர்; கனத்த குரலுக்கும் உச்சக் குரலுக்கும் இடையே விரைவாகத் தாவித் தாவிப் பாடுவர். சுவிற்சர்லாந்து முதலிய அல்ப்ஸ் மலை நாடுகளில் இடையர் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் குரல் கொடுத்த வழக்கத்திலிருந்து இது வந்தது. வட்டைக்குள்ளே பரணில் நின்று காவற்காரன் அடுத்த பரணுக்குக் கூவுவதைக் கேட்டவர்கள், வெட்டவெளியில் மனிதக் குரல் அப்படித்தான் தாவும் என்பதை அறிவார்கள்.

அமெரிக்காவில் இதனை நாட்டுப்புறப் பாட்டோடு இணைத்துப் புகழ்பெற்றவர் ஜிம்மி ரொட்ஜர்ஸ் என்னும் புகையிரதத் தொழிலாளி. அவருடைய முதல் ஒலிப்பதிவு 1927-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், பாபு பிறந்த அதே மாதத்தில், நடந்தது ஒரு வியப்பான ஒற்றுமை. அவருக்குப் பின் ஹொலிவூட் படங்களில் மாடு மேய்க்கும் வேடத்தில் குதிரைமீதிருந்து யோடலிங் பாடும் நடிகர் பலர் தோன்றினர். அவ்வகைப் பாட்டைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்து நிலைநாட்டியவர் சந்திரபாபு. இந்தித் திரையில் அதனைப் பரப்பியவர் கிஷோர்குமார்.

சென்னையிற் பட்ட துயர்

இரண்டாம் உலகப் போர் இலங்கையைத் தொட்ட காலம். 1942-ஆம் ஆண்டு ஏப்ரிலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. எமது மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்னும் போர்க்கப்பல் மூழ்கியதும் அம்மாதத்திலேதான். அடுத்த ஆண்டு, 1943-இல், ரொட்ரிகஸ் குடும்பம் இந்தியா திரும்பிச் சென்னையில் திருவல்லிக்கேணியிற் குடியேறியது. தந்தையார் தினமணிப் பத்திரிகையிற் பணி செய்தார். பதினாறு வயது வாலிபனாகிய பாபுவுக்கோ படத்தில் நடிக்க வேண்டும் என்ற ஒரே அவா.

குலப்பெயராகிய சந்திரகுலம் என்பதிலிருந்து சந்திர என்னும் பகுதியை எடுத்துத் தம் செல்லப் பெயரோடு சேர்த்துச் சந்திரபாபு எனத் தமக்குத் தாமே பெயரிட்டுக்கொண்டார். 1947-இல் தன அமராவதி என்னும் படத்தில் முதன்முதல் தோன்றினார். அதன் பின்னும் கதவுகள் எளிதில் திறக்கவில்லை. ஸ்டூடியோ வாசல்களிற் காத்து நிற்பதும், நாளை வா என்ற சொல்லைக் கேட்டுத் திரும்புவதுமாக ஆண்டுகள் கழிந்தன. உடை மேனாட்டுப் பாணி, பேச்சில் ஆங்கிலம், கையிலே காசில்லை. இந்த மூன்றும் சேர்ந்த வாலிபனை அன்றைய சென்னை எப்படி நோக்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஈற்றில், ஜெமினி ஸ்டூடியோ அதிபர் எஸ். எஸ். வாசனைக் காணவும் முடியாமற் போன மனமுறிவில், அந்த ஸ்டூடியோ வளவிலேயே அவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றார். நல்லூழால் காப்பாற்றப்பட்டார். அக்காலச் சட்டப்படி வழக்கும் தொடரப்பட்டது. நீதிமன்றத்தில் அவர் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தம் கையிற் சுட்டுக்கொண்டு, சுட்டதைப் பிறர் காணலாமேயன்றி அதன் வேதனையைத் தாம் மட்டுமே அறிய முடியும் என்று உணர்த்தியதாகவும், நீதிபதி மனமிரங்கியதாகவும் அவர் சரிதையைக் கூறுவோர் சொல்வர். பின்னர் அதே வாசனே தமது மூன்று பிள்ளைகள் (1952) படத்தில் அவருக்கு வாய்ப்பளித்தார்.

இந்நிகழ்ச்சியை வீரச் செயலாக எண்ணும் வாலிபர் எவரேனும் இருப்பின் அவர்க்கு ஒன்று சொல்வது எமது கடன். அவருக்கு வாழ்வு கிடைத்தது சாக முயன்றதனால் அன்று, பிழைத்துக்கொண்டதனால். அன்று அவர் மாண்டிருந்தால் இன்று நாம் கேட்கும் ஒரு பாட்டும் இல்லை. மனமுறிவு வந்த நாளில் தாயிடமோ தமையனிடமோ நண்பனிடமோ வாய்திறந்து பேசுவதே ஆண்மை. பெரியோரும், பரீட்சையிலோ தொழிலிலோ தோற்று நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒரு முறை உற்று நோக்குதல் வேண்டும்.

இரவற் குரல்களின் காலம்

சந்திரபாபுவின் பெருமையை அறிவதற்கு அன்றைய படவுலகின் நிலையை அறிதல் அவசியம். தமிழிற் பேசும்படம் வந்தது 1931-இல். தொடக்க காலத்தில் பாடத் தெரிந்தவரே நடிகர். நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா தம் குரலாலேயே தமிழ்நாட்டை ஆண்டார், திரையில் எம். கே. தியாகராஜ பாகவதரும் பி. யூ. சின்னப்பாவும் அவ்வாறே விளங்கினர். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் தம் நகைச்சுவைப் பாடல்களைத் தாமே பாடினார். பின்னர், ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாட்டு முறை வளர்ந்தது. 1950-களில் அம்முறையே விதியாயிற்று. எம். ஜி. ஆருக்கும் சிவாஜி கணேசனுக்கும் டி. எம். சௌந்தரராஜன் முதலானோர் குரல் கொடுத்தனர். அதிலே இழிவு ஒன்றும் இல்லை. அதனால் நல்ல நடிகரும் நல்ல பாடகரும் தத்தம் துறையில் ஓங்கினர். ஆனால் முகமும் குரலும் ஒருவருக்கே உரியனவாகத் திரையில் தோன்றும் இன்பம் அருகிற்று.

அந்நாளிலேதான் சந்திரபாபு வந்தார். அவர் முகம் கோணும்போது குரலும் கோணிற்று. கால் தாவும்போது குரலும் தாவிற்று. அவர் ஆட்டத்தையும் பாட்டையும் பிரித்தெடுக்க இயலாது. இன்னொருவர் குரலில் அவர் வாயசைத்திருந்தால் அவர் நகைச்சுவையிற் பாதி போயிருக்கும். மேனாட்டு முறையைக் கொண்டாரே என்பார்க்கு நாம் சொல்வது இது. முறை எங்கிருந்து வந்தாலும் குரல் அவருடையது, சொல் தமிழ், உணர்ச்சி எங்கள் தெருவினது. கல்முனை மிஷன் பாடசாலையிற் கற்ற விபுலாநந்த அடிகள், சேக்ஸ்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி என்னும் நூலைத் தந்தார். ஆங்கிலப் புலவனைத் தொட்டதனால் அடிகள் தமிழுக்கு அந்நியராகவில்லை. அடிகளின் பெருமைக்கும் கூத்தாடி ஒருவரின் பெருமைக்கும் ஒப்புமை கூற வரவில்லை. பிறரிடம் கற்றதைத் தமதாக்கிக்கொள்ளும் நெறி இரண்டிடத்தும் ஒன்று என்பதே கருத்து.

புகழின் உச்சி

1954-இல் கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி, 1955-இல் குலேபகாவலி, 1957-இல் புதையல், மணமகன் தேவை, 1958-இல் நாடோடி மன்னன், சபாஷ் மீனா, 1959-இல் மரகதம், சகோதரி என அவர் புகழ் ஆண்டுதோறும் ஏறிற்று. புதையலில் அவர் பாடிய பாட்டுக்கு விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் இசையமைத்தனர். மரகதத்தில் எஸ். எம். சுப்பையா நாயுடுவின் இசையில் ஜமுனாராணியோடு அவர் பாடிய குங்குமப்பூப் பாட்டு இன்றும் கலியாண வீடுகளில் ஒலிக்கின்றது.

இவற்றுள் சபாஷ் மீனாவைத் தனியே குறிப்பிடல் வேண்டும். பி. ஆர். பந்துலு இயக்கிய அப்படத்தில் சிவாஜி கணேசனோடு சந்திரபாபு இரட்டை வேடத்தில் நடித்தார். ஒரு வேடம் செல்வர் வீட்டுப் பிள்ளையின் நண்பன். மற்றொன்று சென்னைத் தெருவில் ரிக்‌ஷா இழுக்கும் தொழிலாளி. கொழும்பில் வளர்ந்து ஆங்கிலம் பேசிய அவர், ரிக்‌ஷாக்காரரின் சென்னைத் தமிழைப் பிறவியிலேயே கற்றவர் போலப் பேசினார். தெருவோரத்து மனிதரின் நடையையும் பேச்சையும் கூர்ந்து நோக்கியவர்க்கன்றி அது கைவராது. மேனாட்டு மோகி என்று அவரை இகழ்ந்தோர்க்கு இந்த ஒரு வேடமே போதிய மறுமொழி. அப்படம் 1962-இல் இந்தியில் எடுக்கப்பட்டபோது அவர் பகுதியை ஏற்றவர் புகழ்பெற்ற நடிகர் மெஹ்மூத்.

சகோதரி படத்தின் கதையும் சுவையானது. ஏவி. எம். நிறுவனத்தார் படத்தை எடுத்து முடித்துப் பார்த்தபோது அது தொய்வாயிருந்தது. அதிபர் மெய்யப்பர் சந்திரபாபுவை அழைத்துப் பாற்காரன் வேடமொன்றைப் புதிதாகச் சேர்த்துப் படத்திற் பொருத்தினார். படம் வெற்றி பெற்றது. கதாநாயகனுக்கு அடுத்த படியில் நிற்கும் ஒரு நடிகர், முடிந்த படமொன்றைத் தூக்கி நிறுத்தவல்லவர் என்ற நிலை அன்று வேறெவர்க்கும் எளிதில் வாய்க்கவில்லை.

அவர் பாடல்கள் எமது கரைக்கு வந்தது பெரும்பாலும் வானொலி வழியாகவே. 1952-இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாடல்களை ஒதுக்கிற்று. அப்போது இந்திய மக்களும் இலங்கை வானொலியையே நாடினர். தந்தையோடு கடல் கடந்து கொழும்புக்கு வந்த பிள்ளையின் குரல், அதே கொழும்பிலிருந்து மீண்டும் கடல் கடந்து தமிழகத்துக்குச் சென்றது. எமது கல்முனைக் கடைத்தெருவில் முஸ்லிம் சகோதரர்களின் தேநீர்க் கடைகளில் அக்குரல் ஒலித்தபோது, சந்தைக்கு வந்த தமிழரும் அங்கே நின்று கேட்டதை எமது பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாடியவர் கத்தோலிக்கர், கடை முஸ்லிமுடையது, கேட்டவர் இந்து. எவரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. பிற்காலத்தில் எமது கரையிற் சிந்திய இரத்தத்தையும் மூடிய கதவுகளையும் அறிந்த எமது தலைமுறைக்கு, அந்தத் தேநீர்க் கடை ஒரு சிறு செய்தியாகத் தோன்றவில்லை.

இல்லறத்தில் ஒரு சோதனை

புகழ் ஏறிய நாட்களில், 1958-இல், அவர் மணம் புரிந்தார். மணமான உடனேயே மனைவியார் தம் உள்ளம் முன்னரே வேறொருவரிடம் சென்றதை மறைக்காமற் கூறினார். பிறர் நகைப்பரே என்றோ, தம் மானம் போயிற்றே என்றோ சந்திரபாபு சீறவில்லை. அப்பெண்ணைக் குறைகூறாது, அவர் விரும்பிய வாழ்வுக்கே அவரை விட்டுக்கொடுத்தார். பின்பு அவர் மறுமணம் செய்யவில்லை. 1981-இல் பாக்கியராஜ் இயக்கிய அந்த ஏழு நாட்கள் என்னும் படத்தின் கருவுக்கு இந்நிகழ்ச்சியே தூண்டுகோல் என்பர்.

திரையில் அவரைக் கோமாளி என்றவர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ஒரு பெண்ணின் மனத்தை மதித்துத் தம் மனத்தை அடக்கிய அச்செயலில் எத்துணைப் பெருந்தன்மை இருந்தது! ஆனால் அடக்கிய துயர் உள்ளே நின்று அரித்தது. குடிப்பழக்கம் அவரைப் பற்றிற்று. பின்பு வலிநீக்கும் ஊசிமருந்தின் பழக்கமும் சேர்ந்தது.

சொந்த முயற்சிகளும் வீழ்ச்சியும்

1960-இல் கவிஞர் கண்ணதாசன் கவலை இல்லாத மனிதன் என்னும் படத்தைத் தயாரித்தார். கதாநாயகன் சந்திரபாபு. படப்பிடிப்பு ஒழுங்காக நடைபெறவில்லை. நடிகருக்காகப் பலர் காத்திருக்க நேர்ந்தது. படம் தோல்வியுற்றுக் கவிஞரைக் கடனில் ஆழ்த்திற்று. தாம் பட்ட பாட்டைக் கவிஞரே பிற்காலத்தில் எழுதினார். இதிலே சந்திரபாபுவின் குற்றத்தை மறைப்பது நேர்மையாகாது. ஸ்டூடியோ வாசலிற் காத்து நின்று மனம் நொந்த ஒருவர், தமக்காகப் பிறரைக் காக்க வைத்தது வருந்தத்தக்கது. ஆயினும் அதே படத்திலே, பிறப்பிலிருந்து இறப்பு வரை மனிதன் அழுவதைப் பற்றிக் கண்ணதாசன் எழுதிச் சந்திரபாபு பாடிய பாட்டு, படம் மறைந்த பின்பும் மறையவில்லை. பின்னொருமுறை டில்லியில் குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் முன்னிலையில் அவர் அதனைப் பாடியதாகவும், தத்துவப் பேராசிரியராகிய அவர் மகிழ்ந்து பாராட்டியதாகவும், அந்த உவகையிற் சந்திரபாபு ஒரு குழந்தைபோல அவர் மடியிலேயே சென்று அமர்ந்ததாகவும் சொல்வர்.

1962-இல் அன்னை படத்தில், அறிவுள்ளவரெல்லாம் வெற்றி காண்பதில்லை என்னும் கருத்தமைந்த பாட்டையும், 1964-இல் ஆண்டவன் கட்டளையிற் சிரிப்பைப் பற்றிய பாட்டையும் பாடினார். அவர் குரல் மாறிற்று என்பதை இப்பாடல்களைக் கேட்பவர் உணர்வர். துள்ளல் அதே துள்ளல்தான். அதனடியில் ஒரு கசப்பு ஓடுகின்றது. சிரிக்க வைக்கும் பாட்டும் சிந்திக்க வைக்கும் பாட்டும் ஒரே குரலிற் கேட்பது அரிது. பட்டதையே பாடினமையால் அவருக்கு அது வாய்த்தது.

எம். ஜி. ஆரைக் கதாநாயகனாகக் கொண்டு மாடி வீட்டு ஏழை என்னும் படத்தை எடுக்கத் தொடங்கினார். படப்பிடிப்புச் சிறிது நடந்து, பிணக்கு ஏற்பட்டு, நின்றுபோயிற்று. போட்ட பணம் போயிற்று, கடன் வளர்ந்தது. கார் மேல்மாடி வரை ஏறிச் செல்லும்படி அவர் ஆசையோடு கட்டத் தொடங்கிய மாளிகையும் கைவிட்டுப் போயிற்று. 1966-இல் தாமே இயக்கி நடித்துத் தட்டுங்கள் திறக்கப்படும் என்னும் படத்தை வெளியிட்டார். உடன் நடித்தவர் சாவித்திரி. விவிலிய வாசகத்தை நினைவூட்டும் அத்தலைப்பு, ஸ்டூடியோக் கதவுகளைத் தட்டி நின்ற அந்த வாலிபனையும் நினைவூட்டுகின்றது. அவர் இயக்கிய படம் அது ஒன்றே. அதுவும் அவர் கடனைத் தீர்க்கவில்லை.

மனத்திற் பட்டதை எவர்க்கும் அஞ்சாது முகத்திற்கு நேரே சொல்லுதல் அவர் சுபாவம். பெரிய நடிகர்களையும் பணிந்து புகழாது சமமாகவே நடத்தினார். இரவற் குரலிற் பாடாத அவர் இரவற் சொல்லையும் பேசவில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதற்கும் ஒரு பொழுதும் ஒரு பக்குவமும் உண்டு என்பதை அவர் கற்கவில்லை. நாவடக்கமின்மையும் காலந் தவறுதலும் சேர்ந்து நண்பரைக் குறைத்தன. அவரைக் கொண்டாடிய படவுலகம் மெல்ல மெல்ல அவரை மறக்கத் தொடங்கிற்று.

இறுதி நாட்கள்

எல்லோரும் மறந்தனர் எனல் பொருந்தாது. பிணக்குற்ற எம். ஜி. ஆரின் பறக்கும் பாவை (1966), அடிமைப் பெண் (1969) ஆகிய படங்களில் அவருக்கு வேடம் கிடைத்தது. 1972-இல் சிவாஜி கணேசனின் ராஜா படத்திலும் தோன்றினார். இசையமைப்பாளர் எம். எஸ். விசுவநாதன் ஈற்றுவரை உற்ற நண்பராயிருந்தார். எனினும் உடல் நலிந்துவிட்டது. 1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8-ஆம் திகதி, தமது 46-ஆவது வயதில், சந்திரபாபு சென்னையிற் காலமானார். அந்நகரிலுள்ள கத்தோலிக்கச் சேமக்காலையில் அடக்கஞ் செய்யப்பட்டார். இலட்சக்கணக்கிற் பொருளீட்டிய அவர் மறையும்போது விட்டுச் சென்றது பெரும்பாலும் கடனையும் பாட்டையுமே. கடன் அவரோடு போயிற்று. பாட்டு நம்மோடு நின்றது.

முடிவுரை

அவர் திறந்த வழியிற் பலர் பின்னர் நடந்தனர். 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் எமது நாட்டில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோர் தமிழ்ப் பொப் இசையைப் பாடியபோது, மேனாட்டுத் தாளத்திற் தமிழ் கேட்பதற்கு எம்மவர் செவிகள் ஏற்கெனவே பழகியிருந்தன. அப்பழக்கத்தை உண்டாக்கியதில் சந்திரபாபுவுக்கு ஒரு பங்குண்டு.

இவர் வாழ்க்கையில் வாலிபர் கொள்ளத்தக்கன உள; தள்ளத்தக்கனவும் உள. குடியையும், காலந் தவறுதலையும், கணக்கறியாச் செலவையும் தள்ளுக. எங்கே கற்றாலும் கற்றதைத் தமதாக்கும் திறனையும், ஏழைத் தொழிலாளியின் மொழியைக் கூர்ந்து கேட்கும் பண்பையும், தம் துயரைப் பிறர்க்குச் சிரிப்பாக்கித் தந்த ஈகையையும், ஒரு பெண்ணின் மனத்தை மதித்த பெருந்தன்மையையும் கொள்க.

பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். எமது ஊர்ப் பிள்ளையொருவன் கிட்டாரை எடுத்தாலோ, புதிய மெட்டொன்றைப் பாடினாலோ, அது நம்முடையதன்று என்று உடனே விலக்கிவிடாதீர்கள். பாட்டு எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கேட்குமுன், குரல் அவனுடையதுதானா என்று கேளுங்கள். குரல் சொந்தமானால் பாட்டும் ஒருநாள் சொந்தமாகும். தூத்துக்குடியிற் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சென்னையில் மறைந்த அந்தப் பாடும் நடிகரின் வாழ்வு எமக்குக் கூறும் செய்தி இதுவே.